எத்தனை கிலோமீட்டர் வரும்?

"அண்ணே, பின் டயர் மாத்தணும். எந்தக் கம்பெனி போட்டா ரொம்ப நாள் வரும்?"

ஈக்காட்டுத்தாங்கலில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பியாக இருக்கலாம். ஒலிம்பியா டெக் பார்க்கில் வேலை பார்க்கும் பெண்ணாக இருக்கலாம். கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவராகவும் இருக்கலாம். மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது அது தப்பான பதில். அதனால் கம்பெனிப் பெயருக்குப் போகுமுன் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: "ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுறீங்க?"

டெலிவரி தம்பி நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் என்றால் 3,000-க்கு மேல் போகிறது. நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டிகளின் பின் டயர் நம் ஊரில் பொதுவாக 25,000-லிருந்து 35,000 கிலோமீட்டர் வரை வரும். ஆக எட்டு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் அவருடைய டயர் தேய்ந்து முடிந்துவிடும். அசோக் நகரிலிருந்து ஒலிம்பியாவுக்கு வரும் பெண்ணோ போக வர பத்து கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார். மாதத்துக்கு 22 நாள், வருஷத்துக்கு 2,640 கிலோமீட்டர். அதே டயர் 25,000 ஓட அவருக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் வேண்டும். அதுவரை ரப்பர் காத்திருக்காது. டயரின் மேல் துருத்தி நிற்கும் பட்டன் அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே உயிர் போயிருக்கும்.

ஒருவர் டயர் தேய்ந்து முடிகிறது, இன்னொருவர் டயர் வயசாகி முடிகிறது. ஒரே டீக்கடை வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கும் வேண்டியது வேறு வேறு டயர். ஏன் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

டயர் ரோட்டைப் பிடிப்பது இரண்டு வழியில். தார் ரோடு கண்ணுக்குத்தான் மட்டமாகத் தெரியும். கிட்டே குனிந்து பார்த்தால் சின்னச் சின்ன ஜல்லி முனைகள். ரப்பர் அந்த முனைகளின் மேல் அமுங்கி, இடுக்குகளுக்குள் இறங்கி, அடுத்த கணமே மீண்டு வருகிறது. அமுங்கி மீள்வதில் கொஞ்சம் சக்தி சூடாகக் கரைகிறது, அந்த இழப்புதான் பிடிமானமாக நமக்குக் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், ரப்பரின் மேல்பரப்பு கல்லின் மேல் நுண்ணிய அளவில் ஒட்டிப் பிரிகிறது. இந்த இரண்டு வேலையையும் சாஃப்ட் ரப்பர் நன்றாகச் செய்யும். அதே காரணத்தால்தான் அது சீக்கிரம் கரைந்தும் போகும். பிடிமானமும் ஆயுளும் ஒரே ரப்பரிலிருந்து வருபவை. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். "ரொம்ப நாள் வரணும்" என்று கேட்கிறவர், அதற்கான விலையைப் பிரேக் பிடிக்கும் தூரத்தில் கொடுக்கிறார்.

இதைக் கண்ணால் பார்க்க இருங்காட்டுக்கோட்டைக்குப் போகலாம். 1990-ல் அங்கே ரேஸ் டிராக் வருவதற்கு முன்னால் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ்காரர்கள் பந்தயம் விட்டார்கள். பந்தய வண்டியில் போடும் ஸ்லிக் டயரில் பட்டனே இருக்காது. சூடேறினால் விரலில் ஒட்டும் அளவுக்குச் சாஃப்ட். அப்படியே சாய்ந்து வளைவில் போகலாம். ஆனால் அதன் ஆயுளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கொஞ்சம் கீழே இறங்கி வந்தால், பெரிய சிசி ஸ்போர்ட்ஸ் வண்டிகளின் சாஃப்ட் ரேடியல் பின் டயர் பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்திலேயே முடிவது சகஜம். "இவ்வளவு காசு கொடுத்தும் சீக்கிரம் தேஞ்சிடுச்சே" என்று வருத்தப்பட வேண்டாம். அந்தக் காசு ஆயுளுக்குக் கொடுத்த காசு அல்ல.

இப்போது சில டயர்களில் நடுவில் கெட்டி ரப்பரும் இரண்டு ஓரங்களில் சாஃப்ட் ரப்பரும் வைக்கிறார்கள். நேராக ஓடும்போது நடுப்பகுதி உழைக்கும், கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவுகளில் சாயும்போது ஓரம் பிடிக்கும். நல்ல ஏற்பாடு. நூறடி ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் நேராகவே ஓடும் வண்டிகளில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து டயர் தட்டையாகிவிடும். அப்படித் தட்டையான டயர் வளைவில் சாயும்போது ஒரு விளிம்பு ஏறி இறங்குவது போலத் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் வந்தால், ஓரத்துப் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் டயர் முடிந்தது என்று அர்த்தம்.

நம் ஊர் டயர் நம் ஊருக்கென்று ஆனதற்கு ஒரு கதை இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற எம்.ஆர்.எஃப். அப்படிப் பிறந்தது. 1952-ல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் டிரெட் ரப்பருக்கு வந்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு கைகோத்து டயரே செய்தார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைக்கு வகுத்த நுட்பம் நம் வெயிலுக்கும் மேடுபள்ளத்துக்கும் அளவுக்கு மீறி ஏற்றும் பாரத்துக்கும் ஒத்துவரவில்லை. இங்கேயே ஆராய்ந்து, கலவையை மாற்றித்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. 1967-ல் அதே கம்பெனி அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. தெற்கே மதுரைப் பக்கம் 1982-ல் தொடங்கிய டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா இன்று இருசக்கர வண்டி டயரில் பெரிய பெயர். உலகத் தரமா, உள்ளூர் தரமா என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்வேன். வெளிநாட்டுப் பெயர் இருந்தால் மட்டும் டயர் மே மாத மதியத்தைத் தாங்கிவிடாது. எந்த ரோட்டை மனதில் வைத்துக் கலவை போட்டார்கள் என்பதுதான் விஷயம்.

வயசாகிற விஷயத்தை நம்மில் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கந்தகம் சேர்த்து வேகவைத்துத்தான் ரப்பரை உறுதியாக்குகிறார்கள். தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் சூட்டில் அந்த மாற்றம் மெல்ல மெல்லத் தொடர்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைத் தாக்குகின்றன. மேசை டிராயரில் வருஷக்கணக்கில் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்தால் நீளாமல் பட்டென்று அறுகிறதே, டயருக்கும் நடப்பது அதேதான். இதைத் தடுக்கக் கலவையில் ஒரு வகை மெழுகு சேர்க்கிறார்கள். டயர் ஓடி வளைந்து கொடுக்கும்போது அந்த மெழுகு மேலே வந்து ஒரு படலமாக நின்று காக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் மெழுகு மேலே வராது. அதனால்தான் மொட்டை வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் டயர், தினமும் ஓடும் வண்டியின் டயருக்கு முன்னால் வெடிப்பு விடுகிறது.

உங்கள் டயருக்கு என்ன வயசு என்று பார்ப்பது சுலபம். டயரின் பக்கவாட்டுச் சுவரில் தூசியைத் துடைத்துவிட்டு ஒரு சுற்றுத் தேடுங்கள். ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அப்படியே பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களை விரலால் விரித்துப் பாருங்கள். நூல் நூலாக வெடிப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு உயரம் இருந்தாலும் அதை நம்பக்கூடாது. ஐந்து வருஷம் ஆனால் வருஷாவருஷம் காட்டிப் பாருங்கள், பத்து வருஷத்தில் எப்படியிருந்தாலும் மாற்றுங்கள் என்று மிஷெலின் போன்ற கம்பெனிகள் சொல்கின்றன. சென்னை வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்குப் பத்து வருஷம் என்பது ரொம்ப அதிகம். ஆறு வருஷத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. புது டயர் வாங்கும்போதும் இந்த நான்கு எண்ணைப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். கடையில் இரண்டு மூன்று வருஷம் அடுக்கிலிருந்த டயரைப் புதிது என்று ஏன் வாங்க வேண்டும்? தேதி பார்த்துக் கேட்டால் கடைக்காரர் உள்ளே போய் வேறு எடுத்துவந்து தருவார்.

அடுத்தது காற்று. கம்பெனியை விடவும், விலையை விடவும், டயரின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான்.

பஞ்சர் கடையில் "எவ்ளோ சார் வைக்கட்டும்?" என்று கேட்பார்கள். "நார்மலா வைப்பா" என்போம். நார்மல் என்று ஒன்று கிடையாது. உங்கள் வண்டிக்கான அளவு செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் தண்டிலோ ஒட்டியிருக்கும். இல்லையென்றால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். தனியாகப் போவதற்கு ஓர் அளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் வேறு அளவு. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் ஏன் என்று விளங்கும். பின் சக்கரத்தின் மேல் 150 கிலோ இருக்கிறது, காற்று 30 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. அப்படியென்றால் அந்த 150 கிலோவைத் தாங்கி ரோட்டில் படும் இடம் ஏறத்தாழ 70 சதுர சென்டிமீட்டர், உங்கள் உள்ளங்கை அளவு. வண்டி நிற்பதும் போவதும் சாய்வதும் அந்த உள்ளங்கையை நம்பித்தான்.

காற்று குறைந்தால் அந்த இடம் பெரிதாகும், டயர் அதிகமாக நசுங்கி நசுங்கி மீளும், உள்ளே சூடு ஏறும், இரண்டு ஓரமும் தேயும், மைலேஜும் குறையும். அளவுக்கு மேல் அடித்தால் நடுக்கோடு மட்டும் ரோட்டில் பட்டுத் தேயும், பள்ளத்தில் வண்டி குதிக்கும், பிடிமானம் போகும். காற்றை வண்டி ஓடுவதற்கு முன் காலையில் பார்க்க வேண்டும். 30 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ. இருந்த டயர் 50 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 31 காட்டும். மதியம் பங்கில் பார்த்து, கூடுதலாக இருக்கிறதென்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைந்த காற்றில்தான் கிளம்புவீர்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். டியூப் டயரில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். கேஜ் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதற்குத் தனிச் செலவு தேவையில்லை.

ஸ்கூட்டர்காரர்கள் சில சமயம், "பைக் டயர் மட்டும் அவ்வளவு நாள் வருதே, எங்களுக்கு ஏன் வரல?" என்பார்கள். 10 இஞ்ச் சக்கரத்தில் போடும் 90/100 டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 733 சுற்று சுற்றும். 18 இஞ்ச் பைக்கின் 80/100 டயர் 516 சுற்றுதான். அதே தூரத்துக்கு ஸ்கூட்டரின் ரப்பர் நாற்பது சதவீதம் அதிகத் தடவை ரோட்டைத் தொடுகிறது. பேட்டரி ஸ்கூட்டரில் பாரமும் கூடுதல், முறுக்கியதும் இழுக்கும் வேகமும் கூடுதல். அங்கே பின் டயர் இன்னும் சீக்கிரம் போகும்.

முன் டயரைப் பற்றி யாருமே கேட்பதில்லை, அது எனக்கு உண்மையிலேயே கவலை. இழுக்கும் வேலை பின் டயருடையது, அதனால் அதுதான் வேகமாகத் தேயும். இரண்டு பின் டயர் மாற்றுவதற்குள் ஒரு முன் டயர் என்பது பொதுவான கணக்கு. கண்ணுக்குத் தேய்மானம் தெரியாததால் முன் டயர் அப்படியே வயசாகிக்கொண்டு போகும். ஆனால் பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் பெரும்பாலும் முன்னால்தான் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் டயருக்குத்தான். பின் டயர் வழுக்கினால் வண்டியைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன் டயர் வழுக்கினால் கீழே விழுவதைத் தவிர வழியில்லை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் டயரில் எவ்வளவு பிடிமானம் இருக்கிறதோ அதை முழுதாகப் பயன்படுத்தத்தான் ஏ.பி.எஸ்ஸால் முடியும். இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. பின் டயருக்கு விலை குறைந்ததைப் போட்டாலும் போடுங்கள், முன் டயரில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

இனி மழை. "மொட்டை டயர்லதான் ரெண்டு மாசமா ஓட்டுறேன், நல்லாத்தான் பிடிக்குது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. காய்ந்த ரோட்டில் பட்டன் குறையக் குறைய ரோட்டில் படும் ரப்பர் கூடும். ரேஸ் வண்டிக்கு ஸ்லிக் போடுவதும் அதனால்தான். பட்டனுக்கு நடுவே உள்ள பள்ளம் இருப்பது தண்ணீருக்காக. ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவில் வரும் தண்ணீரை அது பக்கவாட்டில் தள்ளிவிட வேண்டும். பள்ளம் இல்லையென்றால் தண்ணீர் போக வழியின்றி டயருக்கு அடியிலேயே நிற்கும். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். மொட்டை டயரை நம்பி மற்ற ஒன்பது மாதம் ஓட்டியவரை அந்த மூன்று மாதம் சோதிக்கும். கொட்டும் மழையை விட முதல் தூறல் இன்னும் மோசம். பல மாதத்துத் தூசியும் வண்டிகள் சிந்திய எண்ணெயும் ஈரத்தோடு குழைந்து ரோடே வழவழவென்று ஆகிவிடும். அதோடு மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, வெள்ளைக் கோடு, புது ரோடு போடச் சுரண்டிவிட்டு விட்ட வரிவரியான பரப்பு. சுரண்டிய ரோட்டில் முன் சக்கரம் தானாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். அங்கே பதறிப் பிரேக் பிடிக்காமல், ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்திப் போய்விட வேண்டும்.

டயரின் ஓரத்தில் சின்ன முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்து இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சின்ன மேடு. பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் டயரின் காலம் முடிந்தது. சட்டப்படி இருசக்கர வண்டிக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். நான் செப்டம்பர் மாதமே விரல் நகத்தை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்துவிடச் சொல்வேன். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். கொஞ்ச நாளின் ரப்பரை மிச்சப்படுத்த மழைக்காலம் முழுவதையும் பணயம் வைக்க வேண்டாம். தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டித் தருபவர்கள் உண்டு. பைக்குக்கு அதைச் செய்யவே கூடாது. மிச்சமிருக்கும் மெல்லிய ரப்பரையும் வெட்டி நூல்வரை போய்விடுகிறார்கள்.

அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்ற எண்ணமும் இளைஞர்களிடம் இருக்கிறது. 100/90-17 55P என்று எழுதியிருந்தால் 100 மில்லிமீட்டர் அகலம், அதில் 90 சதவீதம் உயரம், 17 இஞ்ச் ரிம். 55 என்பது 218 கிலோ தாங்கும் என்பதற்கான எண், P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வரை என்பதற்கான எழுத்து. ரிம்மின் அகலம் மாறாமல் டயரை மட்டும் அகலமாக்கினால் ரிம் இரண்டு பக்கமும் இறுக்கி, டயரின் தலை கூம்பிவிடும். ரோட்டில் படும் இடம் குறையலாம், மைலேஜ் நிச்சயம் குறையும். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டுகிறது. கழற்றி மாட்டும்போது அது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்டர் வாஷ் கடையில் பளபளப்புக்காக டயரில் டீசலோ எண்ணெயோ அடிக்கவிடாதீர்கள், ரப்பர் ஊறிக் கெடும்.

சரி, கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். டெலிவரி தம்பிக்குப் பின்னால் கெட்டி ரப்பர், நம்பகமான எந்தக் கம்பெனியானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும், முன்னால் அதைவிட ஒரு படி நல்லது. அலாய் வீல் என்றால் டியூப்லெஸ். ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், அதற்குள் ஓரம் கட்டிவிடலாம். தொழிற்பேட்டைக்காரருக்கும் டியூப்லெஸ்தான் சொல்வேன். பட்டறை வாசல்களில் கிடக்கும் இரும்புச் சுருள் தினம் தினம் டயரைத் தேடி வரும். நடுப்பகுதியில் ஏறிய ஓட்டையை அடைக்கலாம், பக்கச் சுவரில் ஏறினால் டயரையே மாற்ற வேண்டும்.

ஒலிம்பியா பெண்ணுக்குச் சொல்லும் பதில்தான் கேட்பவர்களை ஆச்சரியப்படுத்தும். குறைவாக ஓட்டுகிறவர்தான் சாஃப்ட் ரப்பர் வாங்க வேண்டும். கெட்டி டயர் தரும் கூடுதல் பத்தாயிரம் கிலோமீட்டரை அவர் ஓட்டப் போவதே இல்லை. தேய்வதற்கு முன் அது வயசாகிவிடும். தனக்குப் பயன்படாத ஆயுளுக்காக, தினமும் சிக்னலில் தேவைப்படும் பிடிமானத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? இரண்டு டயரும் நல்ல பிடிமானமுள்ளதாகப் போட்டுக்கொண்டு, ஐந்தாறு வருஷத்தில் பட்டனைப் பார்க்காமல் மாற்றிவிடலாம்.

எந்த டயரானாலும் மாட்டிய அன்றே முறுக்க வேண்டாம். அச்சிலிருந்து வந்த மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர்வரை மெல்லப் போங்கள், வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பழகுங்கள், திடீர் பிரேக் வேண்டாம். பக்க ஓரங்கள் சொரசொரப்பாகித் தூசி நிறத்துக்கு வந்துவிட்டதென்றால் டயர் தயார்.